வேடியப்பன் மார்பில் ஒரு கோடு

கிள்ளானிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் ஏதாவது வேண்டுதலோடு போவார்கள். நான் பல் அளவெடுக்கும் கருவியோடு போனேன். கோலாலம்பூர் விமான நிலையத்தில் என் கைப்பெட்டியைத் திறந்து பார்த்த காவலர், இது என்ன என்று மலாயில் கேட்டார். பல் அளவெடுக்கும் ஸ்கேனர் என்றேன். யாருடைய பல் என்றார். சாமியுடையது என்று சொன்னால் விமானம் போய்விடும் என்பதால் நோயாளியுடையது என்று சொல்லி வைத்தேன். ஸ்கேனரை விட்டுவிட்டார். கூடவே இருந்த ஸ்ப்ரே டப்பாக்களை மட்டும் எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டார். கெஞ்சிப் பார்த்தேன், சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அந்த டப்பா இல்லாவிட்டால் என் ஸ்கேனர் பாதிக் குருடு. அதை அவரிடம் சொல்லி என்ன பயன்?

நான் பல் மருத்துவன் இல்லை. மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அதை வைத்துப் பல் செட்டு செய்து கொடுக்கும் கூடம் ஒன்றைக் கிள்ளானில் நடத்துகிறேன். பிளாஸ்டரும் மெழுகுமாக இருந்த தொழில் இப்போது ஸ்கேனரும் கணினியுமாகிவிட்டது. ஒரு பொருளைச் சுற்றிக் கருவியைக் காட்டினால் போதும், அதன் மேடு பள்ளம் அத்தனையும் முப்பரிமாண உருவமாகத் திரையில் வந்து நிற்கும். அந்த ருசி கண்ட பிறகு வீட்டில் நான் எதையும் விட்டு வைக்கவில்லை. டுரியான் பழத்தில் தொடங்கி மாமனாரின் வழுக்கைத் தலை வரைக்கும் எடுத்து, இதே கிறுக்குப் பிடித்தவர்கள் கூடும் இணையக் குழுவில் போடுவேன். கலைவாணி டீச்சர் பழக்கமானது அங்கேதான்.

டீச்சர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறார். அந்த வட்டாரத்தில் வரப்போரத்திலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கின்றன. சண்டையில் செத்த வீரனுக்கு அவன் ஊர் நட்டு வைத்த கல். மழை, வெயில், முதுகு சொறிய வரும் மாடு, பாசத்தோடு பெயின்ட் அடிக்கும் பக்தர் என்று எல்லோரும் சேர்ந்து அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வழித்துக்கொண்டிருக்கிறார்கள். உதிர்ந்தது திரும்ப வராது. அதனால் டீச்சர் கைப்பேசியில் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, ஒவ்வொரு கல்லையும் முப்பரிமாண உருவமாக்கி வைக்கிறார். வகுப்பறைத் திரையில் பிள்ளைகள் அந்த வீரர்களை விரலால் சுழற்றிப் பார்க்கிறார்கள்.

ஒரு கல் மட்டும் அவருக்குப் பிடி கொடுக்கவில்லை. ஊர் சாமியாகவே கும்பிட்டு, எண்ணெய் ஊற்றி ஊற்றிக் கன்னங்கரேலென்று மின்னும் வேடியப்பன் கல். மின்னுகிற எதைக் கண்டாலும் காமிராவுக்கும் ஸ்கேனருக்கும் கண் கூசிவிடும். "பல்லு கூட பளபளன்னுதான சார் இருக்கும்? நீங்க எப்படி எடுக்கறீங்க?" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார். வெள்ளைப் பொடி ஸ்ப்ரே அடித்துப் பளபளப்பை மறைத்துவிட்டு எடுப்போம் என்றேன். "அப்ப சீக்கிரம் வாங்க சார். கும்பாபிஷேகத்துக்கு முன்னாடி அந்தக் கல்ல ஏரில போடப் போறாங்க. சாமி ஒடஞ்சிடுச்சாம்" என்று பதில் வந்தது.

என் மனைவி, "கிரிவலம் போகலாம் என்று எத்தனை வருடமாகக் கேட்கிறேன், டீச்சர் கூப்பிட்டதும் பெட்டி கட்டுகிறீர்களே" என்றாள். நியாயமான கேள்வி. அதனால் பதில் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

சென்னையில் பஸ் ஏறினேன். பக்கத்தில் ஆந்திராவிலிருந்து வந்த கணவன் மனைவி. கிள்ளானில் என் எதிர்வீடு தெலுங்குக் குடும்பம் என்பதால் அவர்கள் பேசியதில் முக்கால்வாசி எனக்குப் புரிந்தது. மலையைச் செருப்பில்லாமல்தான் சுற்ற வேண்டும் என்றாள் மனைவி. "மலை அவ்வளவு பெரியது, என் கால் இவ்வளவு சின்னது" என்றார் கணவர். சாமி கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றாள். "சர்க்கரை இருக்கிறது என்பேன். டாக்டருக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாதா?" நான் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாதி வழியில் டயர் பஞ்சர். எங்கள் ஊராக இருந்தால் ஆளுக்கொரு கைப்பேசியை எடுத்துப் புகார் எழுத ஆரம்பித்திருப்பார்கள். இங்கே இறங்கியவர்கள் எல்லாம் அவித்த வேர்க்கடலை விற்றவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "தோ, அஞ்சே நிமிசம்" என்றார் நடத்துநர். அந்த ஐந்து நிமிடத்துக்குள் நான் மூன்று பொட்டலம் கடலையைத் தின்று, சாலையோர மரத்தடியில் ஒரு குட்டித் தூக்கமும் போட்டேன்.

வேங்கிக்காலில் தங்கினேன். கலெக்டர் ஆபீசுக்கு வருகிறவர்களை நம்பி நடக்கும் சின்ன விடுதி. மறுநாள் காலை எதிர்க் கடையில் இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி வைத்தார்கள். எங்கள் ஊர் வாழையிலைக் கடைகளில் தேங்காய்ச் சட்னியைச் சொட்டு மருந்து மாதிரி விடுவார்கள். இங்கே நான் போதும் என்று கையை மறித்த பிறகும் ஒரு கரண்டி விழுந்தது. இந்தச் சட்னிக்காகவே ஒருவர் இந்தியக் குடியுரிமை கேட்கலாம்.

டீச்சர் ஸ்கூட்டரில் வந்தார். என்னையும் பெட்டியையும் ஏற்றிக்கொள்ள ஏழுமலை என்பவரின் குட்டியானைச் சரக்கு வண்டியை ஏற்பாடு செய்திருந்தார். ஏழுமலைக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அகன்ற தோள், அதற்குப் பொருந்தாத மெல்லிய குரல். கீழ்பென்னாத்தூர் தாண்டும் வரை வாயே திறக்கவில்லை. பிறகு, "மலேசியால வேடியப்பன் இருக்காரா சார்?" என்று கேட்டார். வேடியப்பன் இல்லை, முனியாண்டி தெருவுக்கு ஒருவர் இருக்கிறார் என்றேன்.

"அவருக்கும் எண்ண ஊத்துவீங்களா?"

"ஊற்றுவோமே."

"ஜாஸ்தி ஊத்தாதீங்க சார்" என்றார்.

ஊர் எல்லையில் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். கோயில் இன்னும் ஒரு கூப்பிடு தூரம் இருந்தது. பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். கொஞ்சம் கிட்டத்தில் விடக்கூடாதா என்று முணுமுணுத்தபடி நான் நடந்தேன். டீச்சர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"அவர்தான் சார் இந்தக் கோயில் பூசாரி. போன வருசம் வரைக்கும்."

கதையை அவர் சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சல் போய்விட்டது. தலைமுறை தலைமுறையாக ஊற்றிய எண்ணெயும் சந்தனமும் விளக்குப் புகையும் சேர்ந்து அந்தக் கல்லின் மேல் தோசைக்கல்லில் பிடித்த கரி மாதிரி பிசுக்கு ஏறியிருந்தது. எறும்பு மொய்க்க ஆரம்பித்தது. கும்பாபிஷேகம் வருகிறதே, சாமியைச் சுத்தமாக வைக்கலாம் என்று ஏழுமலை சோப்புத்தூள் போட்டு, தேங்காய்நார் பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறார். பிசுக்கு சில இடத்தில் பட்டை பட்டையாகப் பெயர்ந்தது. மார்பில் தோளிலிருந்து சாய்வாக ஒரு வெளிறிய கோடு தெரிந்தது.

ஊர் அலறியது. கல்வேலை செய்கிறவர் ஒருவர் வந்து எட்ட நின்று பார்த்து, விரிசல்தான் என்றார். பின்னப்பட்ட சாமியைக் கும்பிடக் கூடாது, தண்ணீரில் சேர்த்துவிட்டுப் புதுக் கல் வைப்பதுதான் முறை. அன்றிலிருந்து அந்தக் கோட்டை யாரும் தொட்டதில்லை. தொட்டு, கல் இரண்டாகப் பிளந்துவிட்டால்? பூசை ஏழுமலையின் பங்காளி சேகருக்குப் போனது. ஏழுமலைக்கு 'சாமிய ஒடச்சவன்' என்ற பெயர் வந்தது.

"யாரும் அவர அடிக்கல, திட்டல சார். கல்யாணம் காட்சினா கூப்பிட மாட்டேங்கறாங்க, அவ்ளோதான். அவரும் அந்த மரத்த தாண்டி வர்றதில்ல" என்றார் டீச்சர். கல் ஏரிக்குப் போனால் அந்தப் பெயர் அவரோடு சாகும்வரை இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நான் என்ன செய்ய முடியும்? நான் வந்தது அளவெடுக்க.

கோயில் என்பது ஒரு வேப்பமரமும் தகரக் கொட்டகையும்தான். ஊரே புதுத் துணியில் நின்றது. தர்மகர்த்தா குப்புசாமி எனக்கு மாலை போட்டார். மாலைக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வேடியப்பனும் புதுத் துணியில் இருந்தார். காலையிலேயே தலை முதல் எண்ணெய்க் குளியல். ஜரிகை வேட்டி, கழுத்து மறைய மாலை, மினுக்கு மங்கிய பழைய வெள்ளியில் கண், அதே வெள்ளியில் மீசை. கல் என்று சொல்ல விரல் நுனி அளவு கூட வெளியே தெரியவில்லை.

"போட்டோ எடுக்க மலேசியாலருந்து ஆள் வராங்கன்னு டீச்சர் சொன்னாங்க. வெறும் ஒடம்போட நிக்க வெச்சா நல்லாவா இருக்கும்?" என்றார் குப்புசாமி.

அவர் கேட்டது சரிதானே? போட்டோ என்றால் எந்த வீட்டில் தலை சீவாமல் நிற்கிறார்கள்? டீச்சர் பக்குவமாகப் பேசி வேட்டியையும் மாலையையும் எடுக்க வைத்தார். கண்ணையும் மீசையையும் எடுக்கச் சேகர் ஒத்துக்கொள்ளவில்லை. எடுத்தவரைக்கும் பார்த்தால், சாமியின் வயிற்றில் என் முகம் தெரிந்தது. அவ்வளவு எண்ணெய். ஸ்கேனரைக் காட்டினேன். திரையில் இரண்டு கண்ணும் ஒரு மீசையும் அந்தரத்தில் மிதந்தன. மற்றதெல்லாம் எலி கடித்த அப்பளம் மாதிரி ஓட்டை.

ஸ்ப்ரே விஷயத்தைச் சொன்னேன். "ஸ்ப்ரேன்னா? கொசுவுக்கு அடிப்பாங்களே, அதுவா?" என்றார் குப்புசாமி. அவர் முகத்தைப் பார்த்தபோது கோலாலம்பூர்க் காவலர் எனக்கு நல்லதுதான் செய்திருக்கிறார் என்று தெரிந்தது. பேசும்போது அவருடைய மேல் பல் செட்டு இறங்கி இறங்கி வந்தது, நாக்கால் தள்ளி ஏற்றிக்கொண்டார். தொழில்காரன் கண்ணுக்கு அதைவிடப் பெரிய சித்திரவதை கிடையாது.

தோற்றுப்போனவனுக்கும் சாப்பாடு உண்டு. கேழ்வரகுக் களியும் கோழிக் குழம்பும். நான் களியை வாயில் போட்டு மென்றதைப் பார்த்து பந்தியே சிரித்தது. "மெல்லக் கூடாது சார், கொழம்புல தொட்டு அப்பிடியே முழுங்கணும்." மெல்லவே கூடாது என்று ஒரு பல் செட்டுக்காரனிடம் சொன்னால் அவன் பிழைப்பு என்னாவது? ஆனாலும் விழுங்கினேன். இரண்டாவது உருண்டையும் கேட்டு வாங்கினேன்.

மறுநாள் டீச்சருக்குப் பள்ளி இருந்தது. எனக்கு வேலையும் இல்லை, மனசும் சரியில்லை. மனைவி கேட்டால் சொல்ல ஒரு பதிலாவது கிடைக்கட்டும் என்று மலை சுற்றக் கிளம்பினேன். பௌர்ணமி இல்லாததால் பாதை காலியாக இருந்தது. வழியில் அந்த ஆந்திரத் தம்பதியைப் பார்த்தேன். மனைவி வெறுங்காலோடு வேகமாக நடந்தாள், கணவர் ஆட்டோவில் அவளுக்கு இணையாக மெதுவாக ஊர்ந்து வந்தார். இரண்டு பேர் முகத்திலும் திருப்தி.

அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் இழுத்து ஆற்றிப் பெரிய குவளையில் தரும் தே தாரிக்கைக் குடித்து வளர்ந்தவனுக்கு இந்தச் சின்ன டம்ளர் ஏமாற்றம்தான், இரண்டாகச் சொன்னால் சரியாகிவிடுகிறது. பக்கத்தில் ஒரு சாமியார் உடம்பெல்லாம் விபூதி பூசி உட்கார்ந்திருந்தார். படம் எடுக்கலாமா என்று கேட்டேன். "டீ சொல்லு, எத்தினி வேணா எடு" என்றார். டீ சொல்லிவிட்டு எடுத்தேன்.

எடுத்த படத்தைப் பார்த்தவன் மறுபடியும் பார்த்தேன். உச்சி வெயில். கண்ணாடி டம்ளர் மின்னியது, ஆட்டோவின் முகப்பு மின்னியது, கடைக்காரர் நெற்றி வியர்வையில் மின்னியது. சாமியார் உடம்பில் மட்டும் ஒரு மினுக்கு இல்லை. விலா எலும்பு, தோளில் பழைய தழும்பு, கழுத்து மடிப்பு எல்லாம் அச்சு அசலாக விழுந்திருந்தன. பல்லுக்கு அடிக்கும் வெள்ளைப் பொடியும் இதைத்தானே செய்கிறது! டீச்சருக்குப் போன் அடித்தேன்.

"டீச்சர், வேடியப்பனுக்கு விபூதி அபிஷேகம் உண்டா?"

"உண்டே சார். ஏன்?"

"ஸ்ப்ரே கிடைத்துவிட்டது."

மதிய இடைவேளையில் அவர் குப்புசாமியிடம் பேசினார். "அபிஷேகம்தான? தாராளமா பண்ணலாம். இத மொதல்லயே சொல்லியிருந்தா நேத்து அவ்ளோ எண்ண செலவு பண்ணியிருக்க மாட்டோம்" என்றாராம். நான் பெரிய கோயில் வாசல் கடைகளில் விபூதி தேடினேன். வாசனை போட்டதெல்லாம் பிசுபிசுத்தது. ஒவ்வொன்றையும் விரலிடையில் தேய்த்துப் பார்த்துத் தள்ளியதைக் கண்டு ஒரு கடைக்காரர், "சாருக்கு பவுடர் கம்பெனியா?" என்று கேட்டார். கடைசியில் பசுஞ்சாண விபூதி கிடைத்தது, மாவு மாதிரி. கூடவே ஒரு புது டீ வடிகட்டியும் வாங்கினேன்.

மூன்றாம் நாள் வானம் மூடியிருந்தது. எனக்கு அதைவிட நல்ல சகுனம் வேண்டியதில்லை. ஏழுமலை வழக்கம்போல மரத்தடியில் நிறுத்தினார். வாருங்களேன் என்று கூப்பிட்டேன். "வண்டிய பாத்துக்கணும் சார்" என்றார். அந்த அத்துவானத்தில் அவர் வண்டியை யார் தூக்கிப் போகப் போகிறார்கள்?

குப்புசாமி சொன்னபிறகு இந்த முறை கண்ணும் மீசையும் கழன்றன. சேகர் பழைய பருத்தித் துணியால் எண்ணெயை ஒத்தி ஒத்தி எடுத்தார். மார்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் கையை இழுத்துக்கொண்டார். அந்த இடத்தில் பிசுக்கும் இல்லை, எண்ணெயும் அவ்வளவாக இல்லை, விட்டுவிடுங்கள் என்றேன். பிறகு டீ வடிகட்டியில் விபூதியைப் போட்டுத் தட்டச் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பு மறைந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு மனிதன் வெளியே வந்தான். பக்கவாட்டுக் கொண்டை, இடுப்பில் குறுவாள், ஒரு கையில் வில், காலடியில் கன்றுக்குட்டி ஒன்று. கூட்டத்தில் யாரோ "வேடியப்பா!" என்று கத்தினார்கள். தினம் கும்பிட்டவர்களே அந்தக் கன்றுக்குட்டியை அன்றுதான் பார்க்கிறார்கள்.

கொட்டகைச் சந்துகளில் விழுந்த வெளிச்சத்தை மறைக்க நாலு பேர் தார்ப்பாய் பிடித்தார்கள். நான் கருவியைப் பிடித்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தேன். "சார், சார், இடமா சுத்தக் கூடாது!" என்று குப்புசாமி பதறினார். எடுத்ததை அழித்துவிட்டு மறுபடி வலமாகச் சுற்றினேன். கருவிக்கு இரண்டும் ஒன்றுதான், ஊருக்கு அப்படி இல்லை. ஒரு பெண் இன்னொருத்தியிடம், "பாத்தியா, மலேசியாக்காரரு எத்தினி சுத்து சுத்தறாரு. நம்மாளுங்க ஒண்ணு சுத்தறதுக்கே மூட்டு வலின்றாங்க" என்றாள்.

டீச்சரின் பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவில்தான், அன்று விடுமுறை. வகுப்பறை டிவியில் என் மடிக்கணினியைப் பொருத்தினோம். உருவம் கூடி வர நேரம் பிடித்தது. டீச்சர் நகத்தைக் கடித்தார். கடைசியில் வேடியப்பன் திரையில் எழுந்து நின்றார், ஓட்டை இல்லை, மிதக்கிற மீசை இல்லை. டீச்சர் விரலால் சுழற்றினார், கை தட்டினார். எனக்குக் கை தட்டத் தோன்றவில்லை. எந்த அச்சைப் பார்த்தாலும் முதலில் விரிசல் தேடுவது என் தொழில் புத்தி. நேராக மார்புக்குப் போனேன்.

கண்ணுக்கு மேடும் பள்ளமும் சில சமயம் ஒன்று போலவே தெரியும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்பதைப் பொறுத்து ஏமாந்து போவோம். புது ஆட்கள் எங்கள் கூடத்தில் தினம் ஏமாறுகிறார்கள். அளவு ஏமாற்றாது. நிறத்தை எடுத்துவிட்டு, அந்தக் கோட்டின் குறுக்கே கத்தியால் அரிந்தது போல வெட்டிப் பார்த்தேன். விரிசல் என்றால் கோடு கீழே இறங்க வேண்டும். அது மேலே ஏறியது. வேறு இடத்தில் வெட்டினேன். ஏறியது. தோள் வரைக்கும் வெட்டிக்கொண்டே போனேன்.

"டீச்சர், இது பள்ளம் இல்லை. மேடு. செதுக்கியது."

டீச்சர் திரைக்குக் கிட்டே வந்தார். விரலால் அந்தக் கோட்டைத் தொட்டு மேலே கொண்டுபோனார். தோளுக்கு வெளியே அது சிறகு சிறகாகப் பிரிந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சார், அம்பு சார் இது. செத்த வீரனுக்கு இப்படித்தான் அம்பு தச்சு செதுக்குவாங்க. இங்க பாருங்க, தொடைல இன்னொண்ணு."

மாடு பிடித்துப் போக வந்தவர்களோடு சண்டையிட்டு இவன் செத்திருக்க வேண்டும் என்றார். அந்த அம்புக்காகத்தான் ஊர் கல்லே நட்டிருக்கிறது. அந்த அம்பைத்தான் பின்னம் என்று சொல்லி ஏரியில் போட இருந்தார்கள். டீச்சர் ஊராரைக் கூப்பிட வெளியே ஓடினார்.

குப்புசாமியும் ஊராரும் வந்து பிள்ளைகளின் பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்தார்கள். நான் விளக்கினேன். குப்புசாமி அசையவில்லை. "கம்ப்யூட்டர்ல ஆயிரம் காட்டுவாங்க. முந்தாநேத்து இதே பொட்டி எங்க சாமிய வெறும் மீசையா காட்டுச்சே" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. உங்கள் பல் செட்டைக் கொஞ்சம் கழற்றித் தர முடியுமா?"

அறை கொல்லென்று சிரித்தது. அவர் முறைத்தார், பிறகு துண்டால் வாயை மறைத்துக் கழற்றிக் கொடுத்தார். நான் நினைத்தது போலவே அண்ணத்தில் ஒரு விரிசல், யாரோ பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஓரத்தில் பல்லைப் பிடிக்கும் கம்பி. மீந்த விபூதியைத் தூவி எடுத்தேன். தர்மகர்த்தாவின் பல் செட்டு டிவி முழுக்க நிறைந்தது. விரிசலை வெட்டிக் காட்டினேன், கோடு கீழே இறங்கியது. கம்பியை வெட்டிக் காட்டினேன், மேலே ஏறியது. உடனே வேடியப்பன் மார்புக்குப் போய் வெட்டினேன். ஏறியது.

"கம்பி மாதிரியே கீது" என்று பின் பெஞ்சில் ஒருவர் சொன்னார்.

குப்புசாமி விபூதியோடு செட்டை எடுத்து வாயில் மாட்டிக்கொண்டார். "அப்ப நம்ம சாமி ஒடையவே இல்லயா?" என்றார். உடையவில்லை என்றேன். ஆனால் கால் பக்கம் கல் உண்மையாகவே செதில் செதிலாக உதிர்கிறது என்று அதையும் காட்டினேன். நல்ல செய்தியை மட்டும் சொல்லிவிட்டு வருவது எங்கள் தொழிலில் பழக்கமில்லை. டீச்சர், வருடம் தவறாமல் எடுத்து இதோடு ஒப்பிட்டால் எங்கே எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிடும், எண்ணெயைக் கம்மி பண்ணினாலே பாதி நிற்கும் என்றார். சோப்புத்தூள் பற்றி யாரும் பேசவில்லை.

"ஆர்டர் குடுத்த புதுக் கல்ல இன்னா பண்றது?" என்று ஒருவர் கேட்டார்.

"அது வாசல்ல காவலுக்கு நிக்கட்டும்" என்று குப்புசாமி எழுந்தார். "தொட்டுப் பாத்துட்டா முடிஞ்சிது. வாங்க."

மொத்தக் கூட்டமும் கல்லுக்கு முன்னால் வந்து நின்றது. தொட யாரும் முன்வரவில்லை. குப்புசாமி சேகரைப் பார்த்தார். சேகர் அரையடி பின்னால் போனார். டிவியில் ஆயிரம் தெரியலாம், கை வைத்துப் பிளந்துவிட்டால் அந்தப் பெயரை யார் சுமப்பது? நான் கை நீட்டலாமா என்று யோசித்தேன். அசலூரான் தொடுவது சரியில்லை என்று விட்டுவிட்டேன். குப்புசாமி புளியமரத்தின் பக்கம் திரும்பி, வாயருகே கையைக் குவித்துக் கூப்பிட்டார்.

"ஏழுமல! இங்க வாப்பா."

அவர் உடனே வரவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகு வண்டியிலிருந்து இறங்கினார். மரத்தைத் தாண்டி நடந்து வந்து, எங்கேயோ தூரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். கூட்டம் வழி விட்டது. டீச்சர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். அவர் கேட்டாரா என்றே தெரியவில்லை, கண் கல்லின் மேல் இருந்தது. வேட்டியில் கையைத் துடைத்தார். கட்டை விரலை இடுப்புப் பக்கமிருந்து மெல்ல மேலே கொண்டுபோய், கோட்டின் மேல் வைத்தார். விரல் அதன் மேல் ஏறி இறங்கியது. இன்னொரு முறை ஏறி இறங்கியது.

"மேடுதான்" என்றார்.

ஊர் முழுவதும் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சேகர் ஓடிப்போய்க் கற்பூரத் தட்டை எடுத்து வந்து ஏழுமலையிடம் நீட்டினார். குப்புசாமி ஏதோ சொல்ல வந்து, செட்டு இறங்கி, நிறுத்திக்கொண்டார். நானாக இருந்தால் இந்த இடத்தில் திரும்பி நின்று அத்தனை பேரையும் ஒரு பிடி பிடித்திருப்பேன். அவர் பிடிக்கப் போகிறார், பிடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

ஏழுமலை தட்டைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. விரலை எடுக்காமலே என்னிடம் கேட்டார்.

"அம்பு பட்ட எடமா சார் இது?"

ஆமாம் என்றேன்.

"இங்கதான் சார் பிரஷ்ஷ அழுத்தி அழுத்தித் தேய்ச்சேன். வலிச்சிருக்குமே."